என்னைவிட மூணு வாரம் சின்ன சித்தி

எங்க சித்தி ஆஞ்சலாவுக்கு என்னைவிட மூணு வாரம் வயசு கம்மி. இதைச் சொன்னதும் எல்லாரும் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பிச்சிடறாங்க. மடக்க வேண்டாம், நானே சொல்லிடறேன். எங்கம்மா மௌரீன் அவங்க வீட்டுல மூத்த பொண்ணு, ஆஞ்சலா கடைக்குட்டி. நடுவுல பசங்க. மூத்தது தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தப்போ கடைக்குட்டி இன்னும் பொறக்கவே இல்ல. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஆஞ்சலா போன ஜனவரியில, நாப்பத்து மூணு வயசுல, வயித்துல முதல் குழந்தையோட என் வீட்டு சோபாவுல உக்காந்து ஒரு கேள்வி கேட்டா. "லீனா, இது பொறந்தா, இதுக்கு நான்தான் அம்மான்னு நாலு பேர் முன்னாடி நின்னு சொல்ல என்னால முடியுமாடி?" நான் ஸ்கூல்ல பயாலஜி எடுக்கிறவ. கேள்வின்னு ஒண்ணு வந்தா பதில் சொல்லியே பழக்கம். அன்னிக்கு ஒண்ணும் சொல்ல வரல. அவ ஏன் அப்படிக் கேட்டான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்னா எண்பத்திரண்டாம் வருஷத்துக்குப் போகணும்.

அந்த வருஷம் கோடையில எங்கம்மா வயித்தைத் தள்ளிக்கிட்டு நீலசந்திராவுல இருக்கிற பொறந்த வீட்டுக்கு வந்து இறங்கினாங்க. பெட்டியைக் கீழ வெச்சுட்டு நிமிர்ந்து பாத்தா, அவங்கம்மா செசிலியம்மா அந்த வெயில்லயும் பிரவுன் கலர் கம்பளி சால்வையைப் போத்திக்கிட்டு நிக்கிறாங்க. "என்னம்மா, ஜுரமா?"ன்னு எங்கம்மா கேட்டிருக்காங்க. செசிலியம்மா விறுவிறுன்னு சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்களாம். எனக்கு அவங்க பாட்டி முறை. ஆனா இந்தக் கதையில அவங்க பாட்டியா வரல, ஆஞ்சலாவோட அம்மாவா வராங்க. அதனால செசிலியம்மான்னே சொல்றேன்.

செசிலியம்மாவுக்கு அப்போ நாப்பத்தாறு. எல்லாம் நின்னு போச்சுன்னு நெனச்சு நிம்மதியா இருந்திருக்காங்க. வயிறு உப்பினப்போ வாயுன்னு ஓமத்தண்ணி குடிச்சிருக்காங்க. வாயு உள்ளேருந்து உதைக்க ஆரம்பிச்சப்புறம்தான் டாக்டர்கிட்ட போயிருக்காங்க. அப்புறம் சால்வையை எடுத்துப் போத்திக்கிட்டவங்கதான், கழட்டவே இல்ல. தெருவுல யாருக்கும் தெரியாதுன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. தெருவே அதைத்தான் பேசிக்கிட்டிருந்துச்சு.

தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு ஏன் அம்மா வீட்டுக்குப் போறா? அம்மா பாத்துக்குவாங்கன்னுதானே. இங்க யாரு யாரைப் பாத்துக்கிறது? நான் முதல்ல பொறந்தேன், மூணு வாரம் கழிச்சு ஆஞ்சலா. ஒரே ரூம்ல ரெண்டு கட்டில், ரெண்டு பேருக்கும் பத்தியம். ரயில்வேயில ஃபிட்டரா இருந்த எங்க தாத்தா ஞானப்பிரகாசம், ஸ்பேனரைத் தவிர எதையும் பிடிக்காத மனுஷன், அம்பது வயசுல பூண்டுக் குழம்பு வைக்கக் கத்துக்கிட்டாரு. அது எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எங்கம்மா இன்னிக்கும் மூக்கைப் பிடிச்சுக் காட்டுவாங்க. தாத்தா டீக்கடைக்குப் போறதையும் நிறுத்திட்டாரு. அங்க போனா, "ஞானம், உன் வீட்டுல அழுவறது பேத்தியா பொண்ணா?"ன்னு கேக்கறாங்களாம்.

செசிலியம்மாவுக்குப் பால் சரியா இல்ல. எங்கம்மா ரெண்டு பேருக்கும் கொடுத்தாங்க. ஆக, நான் இந்த உலகத்துல முதல்ல பங்கு போட்டது என் பாலைத்தான். அதையும் ஒரு சித்தியோட.

ரெண்டு பேருக்கும் ஒரே ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். ரெண்டு விருந்து எதுக்கு, ஒண்ணா முடிச்சிடலாம்னு தாத்தாவோட யோசனை. அந்த வாரம்தான் கோவிலுக்கு மங்களூர் பக்கத்துல இருந்து ஒரு ஃபாதர் புதுசா வந்திருந்தாரு. நல்ல மனுஷன்தான், தமிழ் மட்டும் வராது, கன்னடம்தான். அப்போதான் ரெண்டு குழந்தைக்கும் பால் கொடுத்து முடிச்சதால ரெண்டுமே எங்கம்மா கையில. ஒரே மாதிரி வெள்ளை கவுன். பக்கத்துல நரைச்ச தலையும் சால்வையுமா ஒரு பெரியம்மா. ஃபாதருக்குக் கணக்கு சுலபமாப் போச்சு. "அவளி ஜவளி"ன்னு எங்கம்மாவைப் பாத்து சிரிச்சாரு. ரெட்டைக் குழந்தைன்னு அர்த்தம். அப்புறம் செசிலியம்மா பக்கம் திரும்பி, "அஜ்ஜி, ஸ்வல்ப ஹிந்தெ நில்லி"ன்னு சொன்னாரு. பாட்டி, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க.

செசிலியம்மாவுக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் பின்னாடி நகர்ந்து தூணோரமா நின்னுட்டாங்க. தாத்தா தலைக்கு மேல ஓடற ஃபேனைப் பாத்தாரு. குழந்தைக்கு என்ன பேருன்னு ஃபாதர் கேட்டப்போ, லீனான்னும் ஆஞ்சலான்னும் ரெண்டு தடவை பதில் சொன்னது எங்கம்மாதான். தங்கச்சிக்கு அம்மாவா நின்னப்போ அவங்களுக்கு இருபத்தோரு வயசு. அடுத்த வாரம் தாத்தா தனியாப் போய் ஃபாதர்கிட்ட விஷயத்தைச் சொல்லி, விழுந்து விழுந்து சிரிச்சுட்டு வந்தாராம்.

இந்தக் கதை எங்க வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரம் மாதிரி. கல்கல் வரும், ரோஸ் குக்கீஸ் வரும், கூடவே இதுவும் வரும். மாமாங்கள்ல ஒருத்தர் ஃபாதர் மாதிரி நடிச்சுக் காட்டுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க. ஆஞ்சலாவும் சிரிப்பா. சிரிச்சு முடிச்சதும் எழுந்து உள்ள போய் தண்ணி குடிச்சுட்டு வருவா. வருஷா வருஷம் பாத்திருக்கேன்.

இது போதாதுன்னு எதிர்வீட்டு மரகதம்மா. மீன் கூடை தூக்கறவங்க, தெருவுல எந்தக் குழந்தை பொறந்தாலும் வந்து பாத்துத் தீர்ப்பு சொல்றவங்களும் அவங்கதான். எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாத்துட்டு, "மௌரீன் புள்ளை கல்லு. இளம் வயித்துப் புள்ளை, தொண்ணூறைத் தாண்டும், வீடு நிறையப் பெத்துப் போடும். இன்னொண்ணு பழுத்த மரத்துக் காய். ஆயுசு மட்டுத்தான், அது வயித்துலயும் ஒண்ணும் தங்காது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தம்மா வேற எதையும் சரியாச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா இதை மட்டும் எங்க குடும்பம் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு.

அதோட பலன் யாருக்கு? எங்க வீடும் அதே தெருவுலதான், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வளர்ந்தோம். ஆஞ்சலாவுக்கு ஹார்லிக்ஸ், எனக்கு வரக்காப்பி. மழையில நனைஞ்சா அவளுக்கு சாம்பிராணி, எனக்குத் துண்டு. தண்ணி லாரி வந்தா, "லீனா, நீ கல்லுடா கண்ணு, நீ போய் பிடி." ரெண்டு பேரும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச். அங்கயும் நான் அவளை சித்தின்னுதான் கூப்பிடணும். இல்லாட்டி எங்கம்மா வாயிலயே போடுவாங்க. ஒரு தடவை கோவத்துல "போடி சித்தி"ன்னு சொன்னேன். மரியாதையும் இருக்கு, கோவமும் இருக்கு, என்ன தப்பு? அன்னிலேருந்து எனக்கு அவ "போடி சித்தி"தான்.

வளர்ந்தப்புறம் ஆஞ்சலாவுக்கு எல்லாத்துலயும் அவசரம். மத்தவங்க மெதுவா வாழலாம், தனக்கு டைம் இல்லன்னு நெனப்பு. பஸ் நிக்கறதுக்கு முன்னாடி இறங்குவா. படம் முடியறதுக்கு முன்னாடி எழுந்து, "கடைசியில என்னாச்சுன்னு அப்புறம் சொல்லு"ன்னு போயிடுவா. சிவாஜிநகர்ல ஒரு கண்ணாடிக் கடையில சேல்ஸ் கவுன்ட்டர்ல வேலை. நாப்பது தாண்டினவங்க பேப்பரைத் தூரமா நீட்டிப் படிச்சுக்கிட்டே வந்தா, அவங்க மூக்குல ஃப்ரேமை மாட்டி, "வயசாயிடுச்சு சார், ஒத்துக்குங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றதுல அவளுக்கு ஒரு குஷி. என் மூக்குலயும் அவதான் மாட்டினா. அவ மட்டும் இன்னிக்கும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கறா. நான் அதை எடுத்துச் சொன்னா, "அது வேற டிபார்ட்மென்ட்"ம்பா.

அவளோட பெரிய கூத்து போட்டோ. இருபத்தஞ்சு வயசுலேருந்து ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துக்குவா. தலைக்குப் பூ, கழுத்துல சிலுவைச் செயின், பாதி சிரிப்பு. ஸ்டுடியோக்காரர் ரொம்ப நாள் அதை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பறதுக்குன்னு நெனச்சுக்கிட்டு, "இந்தத் தடவை கண்டிப்பா அமையும்மா"ன்னு ஆசீர்வாதம் பண்ணி அனுப்புவாராம். அது அவ சாவுக்கு. பெட்டிக்கு முன்னாடி வைக்க. "செத்தப்புறம் ஆதார் கார்டு போட்டோவைப் பெருசு பண்ணி வெச்சுடுவீங்க, உங்களைத் தெரியாதா?"ன்னு கேப்பா. ஒவ்வொரு வருஷமும் புது போட்டோவை என்கிட்ட கொடுத்து, பழசை வாங்கிக்குவா. எந்தப் புடவை, எந்தப் பாட்டு, யாரை மைக் பிடிக்க விடக் கூடாது, எல்லாம் என் பொறுப்பு. ஏன்னா நான் கல்லு. நான்தான் கடைசி வரைக்கும் இருக்கப் போறவ.

கல்யாணப் பேச்சும் அப்படித்தான் போச்சு. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட காப்பியைக் கொடுத்துட்டு, "எங்கம்மா என்னை நாப்பத்தாறுல பெத்தாங்க, எனக்கு ஆயுசு கம்மி, பரவாயில்லையா?"ன்னு நேராவே கேட்டுடுவா. காப்பி பாதியில நிக்கும். இப்படி எத்தனை காப்பி வீணாச்சுன்னு தெரியல. கடைசியில நாப்பது வயசுல மைக்கேல்ராஜ் வந்து மாட்டினாரு. ஜே.சி. ரோடு பக்கத்துல கார் சீட் கவர் தைக்கிற கடை வெச்சிருக்காரு. பெண்டாட்டி போய்ச் சேந்து பல வருஷம் ஆச்சு, பிரிஸில்லான்னு வளர்ந்த பொண்ணு இருக்கா. கண்ணாடி வாங்க வந்த மனுஷன்கிட்டயும் ஆஞ்சலா அதே கேள்வியைக் கேட்டா. அவர் ஃப்ரேமைக் கழட்டி டேபிள் மேல வெச்சுட்டு, "பரவாயில்லைங்க, எனக்குப் பழக்கம் இருக்கு"ன்னு சொன்னாரு. கல்யாணம் முடிஞ்சுது. அவரை சித்தப்பான்னு கூப்பிட எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல, அந்த ஒரு பதிலுக்காகவே கூப்பிடலாம்.

இப்போ ஜனவரிக்கு வரேன். அவளுக்கு மூணு நாலு மாசமா ஒழுங்கா வரல. எங்க வயசுதானே, எனக்கும் அப்போதான் எல்லாம் தகராறு. "நிக்கற டைம்தான் சித்தி, வா"ன்னு நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஸ்கேன் பண்ற பொண்ணு திரையைப் பாத்துக்கிட்டே இருந்தா. "கட்டியா மேடம்?"ன்னு ஆஞ்சலா ரொம்ப அமைதியாக் கேட்டா. கேட்டுக்கிட்டே என் பக்கம் திரும்பி, "நீலப் பட்டுப் புடவை, மறந்துடாத"ன்னா. அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "கட்டி இல்லம்மா. பாப்பா"ன்னு சொன்னா.

ஓமத்தண்ணி குடிச்சியான்னு நான் கேட்டேன். குடிச்சேன்னா. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சோம். அவ சிரிப்பு எப்போ அழுகையாச்சுன்னு எனக்குத் தெரியல.

டாக்டர் என்னென்னவோ ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாங்க, எல்லாம் நல்லபடியாவே வந்துச்சு. ஆனா ஆஞ்சலா கையில போன் இருக்கே. குளத்துத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு, ரோட்டிஃபர்னு பேரு. வயசான தாய்ப்பூச்சி போடற குஞ்சு சீக்கிரம் செத்துப் போகுது, அது போடற குஞ்சும் கம்மியாவே இருக்குன்னு யாரோ ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அதை அவ எப்படியோ தோண்டி எடுத்து காலையில அஞ்சு மணிக்கு எனக்கு அனுப்பறா. அடுத்து பழ ஈ. அடுத்து எலி. "பயாலஜி டீச்சர், இதுக்கு என்ன சொல்ற?"ன்னு கீழ ஒரு வரி. "நீ பழ ஈ இல்ல, தூங்கு"ன்னு நான் பதில் போடுவேன்.

அன்னிக்கு சோபாவுல உக்காந்து அவ சொன்னதுதான் நிஜம். "நான் எப்படிப் பொறந்தேனோ அப்படியே இன்னொண்ணு வருதுடி. அதுக்கும் ஆயுசு மட்டுன்னு சொல்லுவாங்க. அதை விடு. எங்கம்மா என்னைத் தூக்கிக்கிட்டு கோவில்ல நிக்க வெட்கப்பட்டாங்க. பின்னாடி நகர்ந்துட்டாங்க. நானும் நகர்ந்துடுவேனோன்னு பயமா இருக்கு." அதுக்கப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டா.

வெட்கப்பட வேற காரணமும் கையில ரெடியா இருந்துச்சு. ஈஸ்டர் முடிஞ்ச கையோட பிரிஸில்லாவுக்குக் கல்யாணம். பொண்ணு கல்யாணத்துல அம்மா ஸ்தானத்துல நிக்கிறவ ஏழு மாச வயித்தோட நிக்கிறதா? சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க? எங்கம்மா ஆனேக்கல்ல என் தம்பி வீட்டுல இருக்காங்க. விஷயம் தெரிஞ்ச மறுநாளே பஸ் பிடிச்சு வந்து இறங்கினாங்க. இடுப்பு டிஸ்க் நகர்ந்துடுச்சுன்னு சொல்லி ஆஞ்சலாவைக் கல்யாணம் முடியற வரைக்கும் அவங்களோட வெச்சுக்கிறேன்னு ஒரு திட்டம். மைக்கேல்ராஜ் சித்தப்பா, "ஜூலையில அந்த டிஸ்க் பொறந்தா என்ன பேரு வைக்கிறதுக்கா?"ன்னு கேட்டாரு. திட்டம் அதோட விழுந்துடுச்சு. ஆனா எங்கம்மா பையிலேருந்து ஒண்ணை எடுத்து ஆஞ்சலா மடியில வெச்சாங்க. பிரவுன் சால்வை. ரசகற்பூர வாசனையோட. செசிலியம்மா காலமானப்புறமும் இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்திருக்காங்க. "ஏப்ரல்ல குளிருமா?"ன்னு நான் கத்தினேன். ஆஞ்சலா அதை எடுத்துப் போத்திக்கிட்டா.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கோவம் உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, அது சரிதான் போல. மார்ச் மாசம் ஸ்கூல்ல பரீட்சை ஹால்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஒருத்தன் பக்கத்துப் பையன் பேப்பரை எட்டிப் பாத்தான். அவனை நோக்கி ஒரு அடி வெச்சேன். அடுத்தது ஆஸ்பத்திரி. இதயத்துல அடைப்பு, ஸ்டென்ட் வெச்சாச்சு. எரிக், அதான் என் வீட்டுக்காரர், பக்கத்துல உக்காந்திருந்தாரு.

சாயங்காலம் வார்டு கதவு படார்னு திறந்துச்சு. சால்வை, வயிறு, கையில ஃபிளாஸ்க். ஆஞ்சலா கட்டிலுக்கு நேரா வந்து நின்னா. நலம் விசாரிப்பான்னு பாத்தா, "உனக்கு யாருடி இதெல்லாம் வரச் சொன்னது?"ன்னு ஆரம்பிச்சா. "உன்னை இருபத்தோரு வயசுல பெத்தாங்க. முதல் புள்ளை. கல்லு. என் சாவுக்கு நீதானே எல்லாம் பாக்கணும்? போட்டோ எல்லாம் உன்கிட்டதானே இருக்கு? நீ முந்திக்கிட்டா நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? வெட்கமா இல்ல உனக்கு?" நர்ஸ் ஓடி வந்து, பேஷன்ட்டைத் திட்டக் கூடாதும்மான்னு சொன்னாங்க. "பேஷன்ட் இல்ல சிஸ்டர், என் அக்கா பொண்ணு"ன்னுட்டுத் திரும்பவும் திட்டினா. கன்னத்துல தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு, திட்டும் நிக்கல.

மூச்சு வாங்கினப்போ உக்காந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் மெதுவா, "அப்போ மரகதம்மா சொன்னது?"ன்னு கேட்டா.

"மரகதம்மா சங்கரா மீனை சீலான்னு சொல்லி வித்தவங்க சித்தி," ன்னு சொன்னேன். "என்னைப் பாரு. வீடு நிறையப் பெத்துப் போடுவேன்னாங்க. ஒண்ணுகூட இல்ல. தொண்ணூறைத் தாண்டுவேன்னாங்க. நாப்பத்து மூணுல குழாய் வெச்சாச்சு. உன் வயித்துல ஒண்ணும் தங்காதுன்னாங்க. அது உள்ளேருந்து என் கட்டிலை உதைக்குது. பூச்சி ஆராய்ச்சி எல்லாம் பொய்யில்ல, நான் அதைப் பாடமே எடுப்பேன். அந்தப் பூச்சிக்கு முழு ஆயுசே சில வாரம்தான். மனுஷனுக்கு ஒரு இடத்துல கொஞ்சம் கம்மின்னு வருது, இன்னொரு இடத்துல வித்தியாசமே இல்லன்னு வருது. எது வந்தாலும் அது ஆயிரம் பேரோட சராசரி. உனக்கு எவ்வளவு, அதுக்கு எவ்வளவுன்னு எந்தப் புத்தகத்துலயும் போடல. எனக்கு எவ்வளவுன்னே போடலையே."

எனக்குக் குழந்தை இல்லங்கிறதை நான் வாய்விட்டுச் சொல்றது அதிகம் இல்ல. அன்னிக்குச் சொல்லிட்டேன். ஆஞ்சலா என் கையை எடுத்துத் தன் வயித்து மேல, சால்வைக்கு உள்ள வெச்சுக்கிட்டா. எரிக் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டாரு.

இதோட அவ மாறிட்டான்னு நெனச்சேன். அவ்வளவு சுலபமா? பிரிஸில்லா கல்யாணத்தன்னிக்கு அத்தனை வெயில். மண்டபத்துல எல்லாரும் பட்டுல வேர்த்துக்கிட்டு நிக்கிறோம், இவ மட்டும் சால்வையில வேகறா. குடும்ப போட்டோ எடுக்கக் கூப்பிட்டாங்க. பிரிஸில்லா மாலையோட திரும்பி, "சின்னம்மா எங்க?"ன்னு தேடினா. போட்டோன்னா வருஷா வருஷம் தவம் கிடக்கிறவ சாப்பாட்டு ஹாலுக்குள்ள போய் நின்னுட்டா. இலை போட்டாங்களான்னு பாக்கப் போனாளாம். அந்த போட்டோவுல சித்தப்பா பக்கத்துல ஒரு ஆள் இடம் காலியாவே இருக்கு. நகர்ந்துட்டா பாத்தீங்களா. நான் அவகிட்ட ரெண்டு நாள் பேசல. அதுக்கு மேல பேசாம இருக்க என்னால முடியல, ஸ்டென்ட் வெச்ச உடம்பு.

ஜூலையில குழந்தை பொறந்துச்சு. ஆபரேஷன்தான், ஆனா ரெண்டு பேரும் நல்லபடியா வந்துட்டாங்க. பொண்ணு. அழற அழுகையில பக்கத்து வார்டு எழுந்துடுச்சு. ஆயுசு மட்டுன்னு அதுகிட்ட யாராவது போய்ச் சொல்லிப் பாருங்க.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஞானஸ்நானம். அதே கோவில். ஞானத்தாய் நான். எங்களுக்குத் தெரிஞ்ச ஃபாதர் வேற ஊர் திருநாளுக்குப் போயிட்டதால, அன்னிக்கு ஒரு இளவயசு ஃபாதர் வந்திருந்தாரு. எங்க யாரையும் அவருக்குத் தெரியாது. பிரிஸில்லா கல்யாணப் பட்டுல, கைநிறைய வளையலோட குழந்தையை வெச்சுக்கிட்டு முன்னாடி நிக்கிறா. அவளுக்குத் தங்கச்சி மேல கொள்ளை ஆசை, கீழ விடவே மாட்டா. பக்கத்துல அவ புருஷன். ஆஞ்சலா கொஞ்சம் தள்ளி, பால் பாட்டில் பையும் டயப்பர் பையுமா. ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லாத முகம். பிரசவத்துக்கப்புறம் டை அடிக்காததால தலை முன்பக்கம் வெள்ளை. முதல் வரிசையில எங்கம்மா. மெழுகுவர்த்தி வாங்கப் போன சித்தப்பா இன்னும் வரல.

ஃபாதர் பாத்தாரு. அவருக்கும் கணக்கு சுலபமாப் போச்சு. பிரிஸில்லாவைப் பாத்து சிரிச்சாரு. ஆஞ்சலாவைப் பாத்து, ரொம்ப மரியாதையா, "பாட்டிம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. பெற்றோர் முன்னாடி வரட்டும்"னு சொன்னாரு.

எங்கம்மா வாயில முந்தானையை வெச்சு அழுத்திக்கிட்டாங்க. பிரிஸில்லா வாயைத் திறக்கப் போனா. நான் அவ கையை அழுத்திப் பிடிச்சேன். இதை வேற யாரும் சொல்லக் கூடாது. ஆஞ்சலாவோட வலது கால் பின்னாடி நகர்ந்துச்சு. என் கண்ணால பாத்தேன், நகர்ந்துச்சு. எனக்கு வெச்ச குழாய் என்ன ஆகுமோன்னு ஆயிடுச்சு.

அந்தக் கால் அப்படியே நின்னுச்சு. அவ ரெண்டு பையையும் கீழ போட்டா. பாட்டில் உருண்டு பீடத்துப் படி வரைக்கும் போச்சு. நேரா முன்னாடி வந்து பிரிஸில்லா கையிலேருந்து குழந்தையை வாங்கினா. ஃபாதர் கையில இருந்த மைக்கையும் இழுத்துத் தன் வாய்கிட்ட வெச்சுக்கிட்டா.

"நான்தான் ஃபாதர் இதோட அம்மா,"ன்னு சொன்னா. கோவில் பூராக் கேட்டுச்சு. "எனக்கு நாப்பத்து நாலு வயசு. இவளைப் பெத்தது நான். பேரு செசிலியா."

ஃபாதர் முகம் சிவந்து போய் ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டாரு. எங்கம்மா முதல் வரிசையில தேம்பித் தேம்பி அழுதாங்க. அம்மா பேரை வைக்கப் போறான்னு எங்க யாருக்கும் தெரியாது. அன்னிக்குத் தூணோரமா நின்னவங்களை அவ கூட்டிக்கிட்டு முன்னாடி வந்துட்டா. தலையில தண்ணி பட்டதும் குட்டி செசிலியா போட்ட கத்தலுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. ஆஞ்சலாவும் சிரிச்சா. இந்தத் தடவை தண்ணி குடிக்கப் போகல.

ஆகஸ்ட்ல அவ பொறந்த நாளுக்கு ஸ்டுடியோ போட்டோ வரலியேன்னு போன வாரம் ஞாபகம் வந்து கேட்டேன். டைம் இல்லன்னா. அப்புறம் பையிலேருந்து ஒரு பெரிய ஃப்ரேமை எடுத்து என் கையில வெச்சா. ஞானஸ்நானத்தன்னிக்கு எடுத்தது. மைக்கைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, வாயை ஆவுன்னு திறந்துக்கிட்டு, தலை கலைஞ்சு, ஒரு கண்ணு பாதி மூடி. அவ எடுத்த அத்தனை போட்டோவுலயும் இதைவிடக் கேவலமா ஒண்ணு கிடையாது.

"இதையா வைக்கச் சொல்ற? நிஜமாவே உன் பெட்டிக்கு முன்னாடி?"ன்னு கேட்டேன்.

"இதுதான். இனிமே மாத்த மாட்டேன்."

"வாயைப் பாருடி சித்தி."

"திறந்திருந்தா என்ன," ன்னா ஆஞ்சலா. "நான்தான் அம்மான்னு சொல்லிக்கிட்டிருக்கேன். வர்றவங்க எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்."